கம்பெனியைக் குறை சொல்லும் தளமும் டிரேட்மார்க் நோட்டீஸும்: டெல்டா நுகர்வோருக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பம்ப்செட் மோட்டார், நெல் விதை, பவர் டில்லர் என்று வாங்கி ஏமாந்தவர்கள் சேர்ந்து ஓர் இணையதளமோ பேஸ்புக் பக்கமோ தொடங்குவது இப்போது சகஜம். பக்கம் கொஞ்சம் பரவியதும் "எங்கள் டிரேட்மார்க்கைப் பயன்படுத்தக் கூடாது" என்று கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பயந்துபோய் அன்றிரவே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. எப்போது அவசியம், எப்போது இல்லை என்பதைக் கீழே பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

கம்பெனியின் பெயரைப் புகாரில் எழுதுவதே தப்பா?

இல்லை. எந்த மோட்டார் என்று சொல்லாமல் அந்த மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் (டிரேட்மார்க்) சட்டத்தின் 29ஆவது பிரிவு, பிறர் குறியை வியாபாரத்தில் பயன்படுத்துவதைத்தான் உரிமை மீறல் என்கிறது. 30(1) பிரிவு இன்னும் தெளிவு: ஒரு பொருள் இன்னாருடையது என்று அடையாளம் காட்ட, நேர்மையான முறையில், யார் வேண்டுமானாலும் அந்தக் குறியைச் சொல்லலாம். அந்தப் பெயரில் நீங்கள் மோட்டார் விற்கவில்லை, ரிப்பேர் கடையும் நடத்தவில்லை என்றால் கம்பெனியின் வாதம் தொடக்கத்திலேயே பலவீனமாகிவிடுகிறது.

"குறியின் நற்பெயருக்குக் கேடு" என்று நோட்டீஸில் இருக்கிறதே?

வக்கீல்கள் அதிகம் பிடித்துக்கொள்ளும் வரி இதுதான். 29(4), 29(8), 30(1) மூன்றிலும் நற்பெயருக்குக் கேடு விளைவிப்பது பற்றிய சொற்கள் உண்டு. புகார் எழுதினாலே நற்பெயர் குறையத்தானே செய்யும், அப்படியானால் எல்லாப் புகாரும் உரிமை மீறலா என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

டில்லி உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் இதற்குப் பதில் சொன்னது. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் பங்குனி ஆமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் அமைப்பு, டாடா சின்னத்தைக் கேலி செய்யும் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் கேட்டது. நீதிபதி எஸ். ரவீந்திர பட் தடை தர மறுத்தார். ஒரு குறியை விமர்சனத்துக்கு இலக்காக்குவது, கடுமையாகத் தாக்குவதுகூட, அதனாலேயே உரிமை மீறல் ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம், ஆய்வக அறிக்கையைக் காட்டிப் புரதப் பவுடரைக் குறை சொன்ன வீடியோக்காரர்கள்மீது சான் நியூட்ரிஷன் கம்பெனி கேட்ட தடையையும் மறுத்தது.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பாராசூட் தேங்காய் எண்ணெயைக் குறை சொன்ன ஒரு யூடியூபருக்கு எதிராக மாரிகோ கம்பெனி போட்ட வழக்கில், 2020 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி வீடியோவை எடுக்கச் சொன்னார். வேறு எண்ணெய்களை வாங்கும் லிங்க் வீடியோவோடு இருந்ததும், அதில் அவருக்கு வருமானம் வந்ததும் அவருக்கு எதிராகப் போயின. மேல்முறையீட்டில், சில திருத்தங்களோடு வீடியோவை மீண்டும் வெளியிட வழி கிடைத்தது. முதல் இரண்டில் பேசியவர்கள் காப்பாற்றப்பட்டதற்கும் இதில் சிக்கியதற்கும் நடுவே ஆதாரமும் பணமும் இருக்கின்றன. உங்கள் பக்கத்தைத் தொடங்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

தளத்தில் விளம்பரம் போடலாமா? நன்கொடை வாங்கலாமா?

போட்டிக் கம்பெனியின் விளம்பரமோ, "இதற்குப் பதில் அதை வாங்குங்கள்" என்ற கமிஷன் லிங்க்கோ கூடவே கூடாது. கூகுள் விளம்பரம் தானாகப் போட்டி மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் அதையும் தவிர்ப்பது நல்லது. ஹோஸ்டிங் செலவுக்கு உறுப்பினர்கள் பணம் போட்டுக்கொள்வதில் சிக்கல் இல்லை. வரவு செலவை எழுதி வையுங்கள்.

தளத்தின் முகவரியில் கம்பெனி பெயர் இருக்கலாமா?

பெரும்பாலான தகராறு இங்கேதான் கிளம்புகிறது, தோற்பதும் இங்கேதான். "கம்பெனிபெயர்.காம்" என்று வெறும் பெயரை மட்டும் பதிந்தால், தேடி வருகிறவர் கம்பெனியின் சொந்தத் தளம் என்று நினைத்துத்தான் உள்ளே வருவார். உள்ளே போனதும் புகாரைப் படித்தாலும், வாசலில் ஏமாற்றியது ஏமாற்றியதுதான். "கம்பெனிபெயர்-புகார்.இன்", "கம்பெனிபெயர்-மோட்டார்-எரிந்தவர்கள்.காம்" என்று பதிந்தால் முகவரியே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

டொமைன் பெயருக்கும், அதாவது தள முகவரிக்கும், டிரேட்மார்க் போலப் பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் போகாமலே டொமைனைப் பறிக்கவும் வழி உண்டு. ".காம்" போன்றவற்றுக்கு யுடிஆர்பி என்ற நடுவர் முறை, ஜெனீவாவில் உள்ள வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) வழியாக நடக்கும். கம்பெனி மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: முகவரி குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து, அப்படியே பயன்படுத்தவும் செய்கிறீர்கள். லாப நோக்கமில்லாத நியாயமான பயன்பாடு என்பது அந்த விதியிலேயே உங்களுக்கு உள்ள எதிர்வாதம். பதில் கொடுக்க 20 நாள். ஒற்றை நடுவருக்கான கட்டணம் 1,500 டாலரும் கம்பெனியின் செலவு. உங்கள் பதிலுக்குக் காசு இல்லை. பதிலே போடாமல் விடுகிறவர்கள்தான் வீணாக டொமைனை இழக்கிறார்கள். தோற்றாலும், 10 வேலை நாட்களுக்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் டொமைன் கைமாறுவது நிற்கும்.

".இன்" முகவரிக்கு, அந்த முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு நடத்தும் ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை. அதில் கம்பெனிக்கு வேலை கொஞ்சம் சுலபம்: கெட்ட எண்ணத்தோடு பதிந்தது, பயன்படுத்துவது, இரண்டில் ஒன்று நிரூபணமானால் போதும்.

அமெரிக்காவில் புகார்த் தளங்கள் ஜெயித்திருக்கின்றன என்கிறார்களே?

உண்மை. ஒரு வணிக வளாகக் கம்பெனியின் பெயரோடு வசைச்சொல்லைச் சேர்த்துப் பதிந்த முகவரியை 2003இல் டாப்மன் வழக்கு காப்பாற்றியது. முடி நடும் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் அதன் பெயரிலேயே புகார்த் தளம் வைத்த போஸ்லி வழக்கில், 2005இல் வியாபாரப் பயன்பாடு இல்லை என்று டிரேட்மார்க் வாதம் தள்ளுபடியானது. ஆனால் டொமைன் பதிவு பற்றிய தனிக் குற்றச்சாட்டை மேலே விசாரிக்கச் சொன்னார்கள். நம் நீதிமன்றங்களை இவை கட்டுப்படுத்தாது.

லோகோ போடலாமா?

வேண்டாம். பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதினாலே அடையாளம் தெரிந்துவிடும். லோகோவும் கம்பெனியின் நிறமும் அதற்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. லோகோ ஓர் ஓவியம் என்பதால் காப்புரிமை (காப்பிரைட்) புகாருக்கும் கதவு திறக்கும். உங்கள் மோட்டாரின் நேம்பிளேட்டையோ விதை மூட்டையையோ நீங்களே எடுத்த போட்டோவில் லோகோ தெரிந்தால் பரவாயில்லை. அதை வெட்டியெடுத்து முகப்புப் படமாக வைக்காதீர்கள்.

முதல் பக்கத்தின் மேலேயே, பெரிய எழுத்தில், "இது வாடிக்கையாளர்கள் நடத்தும் தளம். இந்தக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று போடுங்கள். அடியில் பொடி எழுத்தில் போட்டால் அது யாருக்கும் உதவாது.

நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

உறையைக் கிழித்து எறியாதீர்கள். தபால் முத்திரைத் தேதியும் கையில் கிடைத்த தேதியும் வேண்டும். பிறகு நோட்டீஸில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: குறியின் பதிவு எண், வகுப்பு எண், அனுப்பியவர் யாருக்காக அனுப்பியிருக்கிறார் என்பது.

பதிவு எண்ணை அரசின் டிரேட்மார்க் பதிவுத் தளமான ஐபி இந்தியாவின் பொதுத் தேடலில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். "ரிஜிஸ்டர்டு" என்று வந்தால் பதிவான குறி. "அப்ஜெக்டட்", "ஆப்போஸ்டு" என்று வந்தால் விண்ணப்பம் இன்னும் தொங்கலில் இருக்கிறது. பதிவாகாத குறிக்கு உரிமை மீறல் வழக்கே கிடையாது, தன் பொருள்போல் காட்டி ஏமாற்றியதாக மட்டும் வழக்குப் போடலாம். புகார் எழுதுகிறவர் எதையும் விற்பதில்லை என்பதால் அது இன்னும் கடினம். பதிவு 10 ஆண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும்; கடைசித் தேதியைப் பாருங்கள். வகுப்பையும் பாருங்கள். பம்ப் 7ஆவது வகுப்பு, பூச்சிமருந்து 5, விதை 31. ஒரு வகுப்பில் வாங்கிய பதிவைக் காட்டி எல்லாவற்றுக்கும் சொந்தம் கொண்டாடுவது உண்டு. திரையை அன்றைய தேதி தெரியும்படி பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

அடுத்து, உங்கள் தளம் முழுவதையும் இருக்கிறபடியே சேமியுங்கள். பதறிப்போய்த் திருத்திவிட்டால் முன்பு என்ன இருந்தது என்று நீங்களே நிரூபிக்க முடியாமல் போகும். சேமித்த பிறகு லோகோ, கமிஷன் லிங்க் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாது.

நோட்டீஸை டீலர்தான் அனுப்பியிருக்கிறார்.

குறியின் உரிமையாளரோ, பதிவேட்டில் ஏறிய பயன்பாட்டாளரோதான் உரிமை மீறல் வழக்குப் போட முடியும். கும்பகோணத்து டீலருக்கு அந்த உரிமை தானாக வராது. அவதூறு என்று அவர் தனியாக வரலாம். அது வேறு விஷயம்.

பதில் கட்டாயம் கொடுக்க வேண்டுமா? 7 நாளுக்குள் என்று போட்டிருக்கிறார்கள்.

அந்த 7 நாள் வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. ஆனாலும் பதில் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால், நீதிமன்றத்தில் "நோட்டீஸுக்குப் பிறகும் அலட்சியமாக இருந்தார்கள்" என்பார்கள். ஒரு பக்கம் போதும்: பொருளை வாங்கிய பில் எண், தேதி, தளம் வாடிக்கையாளர்களுடையது, வியாபாரம் இல்லை, பெயர் அடையாளத்துக்காக மட்டும், 30(1) பிரிவின்படி, எந்த வரி பொய் என்று குறிப்பாகச் சொன்னால் சரிபார்த்துத் திருத்தத் தயார். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பொய் எது என்று கம்பெனியால் சுட்டிக்காட்ட முடியாமல் போனால், அந்த மௌனமே பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

142ஆவது பிரிவையும் பதிலில் சொல்லலாம். ஆதாரமில்லாமல் டிரேட்மார்க் வழக்கு என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, மிரட்டல் நியாயமற்றது என்ற அறிவிப்பும் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். கம்பெனி உடனே உரிமை மீறல் வழக்கைப் போட்டு நடத்தினால் இந்த வழி அடைபடும். நோட்டீஸ் அனுப்பிய வக்கீல்மீது இந்தப் பிரிவு பாயாது.

வழக்கு எந்த ஊரில் வரும்?

மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே வராது. 134ஆவது பிரிவு கம்பெனிக்குத் தன் தொழில் நடக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. மோட்டார் கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தால் நீங்கள் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டி வரலாம். ஆனால் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரிலேயே வழக்குக்கான காரணமும் எழுந்திருந்தால், அதை விட்டுவிட்டு ஏதோ தொலைதூரக் கிளையைக் காட்டி அங்கே இழுக்க முடியாது என்று 2015இல் சஞ்சய் தாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டெல்டாவுக்குள்ளேயும் ஒரு வித்தியாசம் உண்டு. தஞ்சாவூர், திருச்சி வழக்குகளின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு; திருவாரூர், நாகப்பட்டினம் சென்னைக்கு.

நமக்குத் தெரியாமலே தடை வாங்கிவிட்டால்?

அதைத் தடுக்கத்தான் கேவியட். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படி, வழக்கு வரும் என்று எதிர்பார்க்கும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கம்பெனிக்கும் நகலைத் தபாலில் அனுப்பினால், உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போட மாட்டார்கள். 90 நாள் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும். தஞ்சாவூரில் போட்ட கேவியட் கோயம்புத்தூரில் உதவாது. கம்பெனி வரக்கூடிய ஒவ்வொரு நீதிமன்றத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். வக்கீல் கட்டணத்துக்கு யோசித்து இதை விடுகிறவர்கள் பின்னால் அதைப்போலப் பல மடங்கு செலவழிக்கிறார்கள்.

தடை வந்தே விட்டால், முதலில் அதற்குக் கீழ்ப்படியுங்கள். கீழ்ப்படியாமல் இருப்பது தனி வழக்காகிவிடும். கீழ்ப்படிந்தபடியே, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39 விதி 4இன் கீழ் தடையை நீக்க மனுப் போடுங்கள். உங்களைக் கேட்காமல் ஒருதரப்பாகத் தடை போட்டிருந்தால், அந்த மனுவை நீதிமன்றம் 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது 3-ஏ விதி. 2024 மார்ச்சில், புளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ தொலைக்காட்சிக் கம்பெனிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே ஒரு கட்டுரையை எடுக்கச் சொல்வதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றும், எழுதுகிறவர் வாயை அடைக்கப் பெரிய நிறுவனங்கள் வழக்குப் போடும் போக்கைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் வக்கீலிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வணிக வழக்காகப் பதிவாகியிருந்தால் எதிருரைக்கு (நீதிமன்றத்தில் நீங்கள் கொடுக்கும் எழுத்துப் பதிலுக்கு) 30 நாள். காரணம் காட்டினால் சம்மன் கிடைத்ததிலிருந்து 120 நாள்வரை. 121ஆம் நாள் போனால் வாங்கவே மாட்டார்கள். அறுவடை, நடவு என்று தள்ளிப்போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வழக்கே இல்லாமல் பேஸ்புக் பக்கத்தை முடக்கிவிட்டார்கள்.

பேஸ்புக், யூடியூப் எல்லாவற்றிலும் டிரேட்மார்க் புகார்ப் படிவம் உண்டு. கம்பெனிக்கு மலிவான வழி அதுதான். மறுபரிசீலனை கேட்கும்போது நீண்ட கதை வேண்டாம். பக்கத்தின் பெயர், வியாபாரம் இல்லை என்பது, சம்பந்தமில்லை என்ற அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், பொருளின் பில், இவை போதும். பக்கத்தின் பெயர் வெறும் கம்பெனி பெயராக இருந்தால் அதை மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

காப்புரிமை என்று சொல்லி எடுத்திருந்தால் முறையே வேறு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவின்படி 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் எடுத்ததைத் திரும்பப் போடலாம். எந்தப் பெயரில் எடுத்தார்கள் என்று அறிவிப்பை ஊன்றிப் படியுங்கள். டிரேட்மார்க் விஷயத்தைக் காப்புரிமைப் படிவத்தில் போட்டிருப்பார்கள். அதைச் சுட்டிக்காட்டினாலே சில சமயம் பக்கம் திரும்பி வரும்.

உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

அவதூறுக்கு. டிரேட்மார்க் வாதம் நிற்காத இடத்திலும் அது நிற்கும். சிவில் வழக்கில் உண்மை என்பதே முழுப் பாதுகாப்பு. வழக்குப் போட வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் கெடு. கிரிமினலில், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆவது பிரிவின்படி, உண்மையாக இருப்பதோடு பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். தண்டனை 2 ஆண்டுவரை.

எனவே எழுதும் முறை முக்கியம். "இந்தக் கம்பெனி காப்பர் என்று சொல்லி அலுமினியம் சுற்றி ஏமாற்றுகிறது" என்று எழுதினால், எல்லா மோட்டாரிலும் அப்படி என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். "இன்ன தேதியில், இன்ன கடையில் வாங்கிய 5 எச்பி மோட்டார், சீரியல் எண் இது, நான்காவது மாதம் காயில் எரிந்தது, காயில் கட்டும் கடையில் பிரித்தபோது உள்ளே அலுமினியக் கம்பி இருந்தது, போட்டோ இதோ, கடைக்காரர் எழுதிக் கொடுத்தது இதோ" என்று எழுதினால் அதை அசைக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: கம்பெனி சர்வீஸ் ஆள் பார்ப்பதற்கு முன் மோட்டாரைப் பிரித்தால் வாரண்டியும் போகும், ஆதாரமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். "லோ வோல்டேஜால் எரிந்தது" என்பதுதான் அவர்களின் வழக்கமான பதில். ஸ்டார்ட்டரில் வோல்டேஜ் ரிலேயும் ஒற்றை பேஸ் தடுப்பும் இருந்ததைப் போட்டோவில் காட்டுங்கள்.

விதைக்கு: பில், மூட்டையில் தைத்திருக்கும் அட்டை (சான்று விதைக்கு நீல நிறம்), லாட் எண், மூன்றையும் விதைக்கும் முன்பே போட்டோ எடுங்கள். வேளாண்மைத் துறை அலுவலரைக் கூப்பிட்டு வயலைப் பார்வையிட வைத்து அறிக்கை வாங்குங்கள்.

வாட்ஸ்அப் செய்தி, வீடியோ எல்லாவற்றுக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) கேட்பார்கள். மூலக் கோப்பு இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள்.

மற்றவர்கள் எழுதும் கமெண்டுக்கு நாங்கள் பொறுப்பா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, பிறர் எழுதியதை அப்படியே தாங்கும் தளத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால்தான் எடுக்க வேண்டும் என்று 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு விளக்கியது. ஆனால் நீங்களே திருத்தி, தலைப்பு மாற்றி, காரம் சேர்த்துப் போட்டால் அது உங்கள் எழுத்து. தளத்தின் விதிகளையும், குறைகளைக் கேட்பவரின் பெயர், தொடர்பு விவரத்தையும் போட்டு வைப்பது இதே சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளின்படி கடமை.

தளம் மட்டும் போதுமா?

போதாது. நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு நடந்தால் உங்கள் புகாரின் நேர்மைக்கு அதுவே சாட்சி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம்வரை கட்டணமே இல்லை. கெடு 2 ஆண்டு. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான், பரிசோதனைக்கு விதையை மிச்சம் வைத்திருக்கவில்லை என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணைத் தளத்தில் போடுங்கள்.

கம்பெனி பணம் தருகிறேன், தளத்தை எடு என்கிறது. வாங்கலாமா?

பேச்சை யார் தொடங்குகிறார்கள் என்பதில் கவனம் வேண்டும். "இத்தனை லட்சம் கொடுத்தால் டொமைனைத் தருகிறேன்" என்று நீங்களாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், கெட்ட எண்ணத்துக்கு அதுவே சான்று. மிரட்டிப் பணம் கேட்டதாகப் போலீஸ் புகாரும் வரலாம். உங்கள் மோட்டாரின் விலை, கருகிய பயிரின் நஷ்டம் என்று கணக்குக் காட்டிக் கேட்பது வேறு, அது நியாயம்.

அவர்களாகவே வந்தால் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சொந்தப் புகாரை மட்டும் "தீர்ந்தது" என்று குறிப்பதாக எழுதிக் கொடுக்கலாம். தளத்தில் இருக்கும் மற்றவர்களின் புகாரை எடுப்பதாகக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லை. மன்னார்குடிக்காரர் மோட்டாருக்கு நீங்கள் ராஜி பேச முடியாது. "இனி எப்போதும் எதுவும் பேச மாட்டேன்" என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் திருத்தம் செய்யுங்கள். நுகர்வோர் வழக்கு நடந்துகொண்டிருந்தால் சமரசத்தை ஆணையத்திலேயே பதிவு செய்யுங்கள். அப்போதுதான் கம்பெனி சொன்னபடி நடக்காவிட்டால் அதே உத்தரவை வைத்து நிறைவேற்றக் கேட்க முடியும்.